தரவு பிறக்கும் இடத்தில் தொடங்குங்கள்: வேறு துறையோடு வேலை செய்யப் போகும் கணினி மாணவருக்கு

கணினி அறிவியல் படிப்பவர்களில் பலர் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ஒரு குறிப்பிட்ட தரவுத்தொகுப்பைத் தொட்டிருப்பார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடிப் பெண்களின் நீரிழிவு விவரங்கள் அடங்கியது அது. மொத்தம் 768 வரிசைகள். இணையத்திலிருந்து இறக்கி, பைத்தானில் ஏற்றி, யாருக்கு நீரிழிவு என்று கணிக்கும் ஒரு மாடலைப் பயிற்றி, வந்த துல்லியத்தை ரெக்கார்டு நோட்டில் எழுதி ஒப்படைத்துவிடுவோம். அந்த 768 பேரில் 35 பேருக்கு ரத்த அழுத்தம் 0 என்று இருக்கிறது. 11 பேருக்கு உடல் நிறைக் குறியீடு 0. 374 பேருக்கு இன்சுலின் 0.

ரத்த அழுத்தம் பூஜ்யம் என்றால் அந்த ஆள் உயிரோடு இல்லை. அளக்காமல் விட்ட இடத்தில் யாரோ 0 போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நர்சிங் படிக்கும் பெண்ணிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் விரல் வைத்துக் காட்டிவிடுவாள். நம் மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுக்க அதோடு பழகியும் பார்ப்பதில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு உடம்பும், கையில் சுற்றிய பட்டையும், அளந்து எழுதிய ஓர் ஆளும் உண்டு என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு புராஜெக்டுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. மருத்துவம், வேளாண்மை, கல்வெட்டு, மொழியியல் என்று வேறு துறைக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்யும் மாணவர்களுக்காகவும், அவர்களை முதன்முறையாக அனுப்பிவைக்கும் இளம் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு செமஸ்டருக்குள் செய்யக்கூடிய வரிசையில்தான் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே ஒன்று: தரவு பிறக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தவர்தான் அதை வைத்து வேலை செய்ய வேண்டும்.

1. துறையைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

"ஏஐ வைத்து மருத்துவத்தில் ஏதாவது செய்யலாம் சார்" என்று வரும் மாணவரிடம் நான் முதலில் கேட்பது, "எந்த டாக்டரோடு?" என்பதைத்தான். துறை என்பது பெரிய கடல். கேள்வியோடு இருக்கும் ஒரு மனிதர் கிடைத்துவிட்டால் கரை தெரியும்.

தூரத்தில் தேட வேண்டாம். உங்கள் வளாகத்திலேயே சிவில் துறை இருக்கும், உயிரித் தொழில்நுட்பம் இருக்கும். பக்கத்தில் கலைக்கல்லூரியில் வரலாறும் தமிழும் இருக்கும். மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பிசியோதெரபி பார்க்கும் ஒருவர், அருங்காட்சியகக் காப்பாளர், ஊராட்சிச் செயலர் என யாராகவும் இருக்கலாம். வாரம் ஒரு மணி நேரம் உங்களுக்குக் கொடுக்க மனம் உள்ளவராக இருக்க வேண்டும், அதுதான் தகுதி. பெரிய பெயர் உள்ளவரைவிட நேரம் உள்ளவர் மேல்.

முதல் செய்தியை எப்படி எழுதுவது என்று தெரியாமலேயே பலர் தயங்கி நிற்கிறார்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் டாக்டர். நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். உங்கள் துறையில் கையால் எழுதி, கையால் எண்ணி, நேரம் அதிகம் போகிற வேலை ஏதாவது இருந்தால் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். முதல் இரண்டு வாரம் பார்ப்பது மட்டும்தான். எந்தத் தரவையும் எடுத்துப்போக மாட்டேன். வாரம் ஒரு நாள், உங்களுக்கு வசதியான நேரத்தில் வரலாமா? என் ஆசிரியரின் கடிதத்தை இணைத்திருக்கிறேன்."

இதில் ஏஐ என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். அந்தச் சொல்லைப் போட்டால் அவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் எதிர்பார்ப்போ பயமோ முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருடைய வேலையைப் பற்றிப் பேச இடமில்லாமல் போய்விடும்.

2. முதல் இரண்டு வாரம் லேப்டாப்பைத் திறக்காதீர்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பதிவேட்டை வைத்து என் மாணவர் இருவர் வேலை செய்தார்கள். பெயர் நீக்கி, தட்டச்சு செய்து கொடுக்கப்பட்ட பட்டியல். நோயாளிகளின் வயதை வரைபடமாகப் போட்டபோது 60-இல் ஒரு பெரிய கோபுரம் எழுந்து நின்றது. 59-இலும் 61-இலும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. "அறுபதில் ஏதோ நடக்கிறது சார்" என்று ஓடி வந்தார்கள். அறிக்கையில் ஒரு பத்தியே எழுதிவிட்டிருந்தார்கள். பதிவேடு எழுதும் இடத்தில் ஒரு காலை உட்காரச் சொல்லி அனுப்பினேன்.

எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மர மேசை, நீள நோட்டு, இரண்டு பேனா. சிஸ்டர் தலை நிமிராமலே கேட்கிறார்: "பேரு? ஊரு? வயசு?" எதிரில் நிற்கும் பாட்டி ஒரு நொடி யோசித்து, "ஒரு அறுபது இருக்கும்மா" என்கிறார். 60 என்று நோட்டில் ஏறுகிறது. அடுத்தவர் நாற்பத்தைந்து. அதற்கடுத்தவர் ஐம்பது. பத்து மணிக்குக் கூட்டம் சற்று ஓய்ந்ததும் மாணவன் கேட்டிருக்கிறான். சிஸ்டர் சொன்ன பதில்: "வயசான பென்ஷனுக்கு அறுபது ஆகணும்ல தம்பி. அதனால அறுபதுன்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு பழகிட்டாங்க. மத்தவங்க அஞ்சு அஞ்சாத்தான் சொல்லுவாங்க. எனக்கும் நிறுத்தி விசாரிக்க நேரமில்ல."

மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். 0-இலும் 5-இலும் முடியும் வயதுகள் எவ்வளவு குவிகின்றன என்று அளக்க விப்பிள் குறியீடு என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கள் மாணவர்களுக்கு அதைப் புத்தகத்தில் காட்டியிருந்தால் மறந்திருப்பார்கள். மேசை ஓரம் நின்று கேட்டதால் அன்றைக்கே வயதைப் பத்தாண்டுப் பிரிவுகளாக மாற்றினார்கள். "அறுபதில் ஏதோ நடக்கிறது" என்ற பத்தியை அவர்களே நீக்கினார்கள்.

உட்காரும்போது கையில் நோட்டும் பேனாவும் போதும். இவற்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: இதை யார் எழுதுகிறார்கள்? எந்த நேரத்தில்? யார் படிப்பதற்காக? காலியாக விட்டால் என்ன அர்த்தம் — அளக்கவில்லையா, அப்படி ஒன்று அவருக்கு இல்லையா, அளக்கத் தேவையில்லையா? தப்பாக எழுதினால் யாருக்கு என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் மிக முக்கியமானது. தப்பானால் யாரும் கேட்காத கட்டத்தை நம்பி மாடல் கட்டக் கூடாது.

வயலுக்குப் போனாலும் இதேதான். நெல்லில் புகையான் தாக்குதலை இலைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு மாணவி தொடங்கினாள். புகையான் பூச்சி தண்டின் அடியில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். விவசாயி குனிந்து தூரை விலக்கித்தான் பார்ப்பார். சேதம் முற்றும்போது வயலில் வட்ட வட்டமாகப் புகைந்து கருகியதுபோலத் தெரியும், பெயரே அதனால் வந்ததுதான். மேல் இலையை எவ்வளவு நெருங்கிப் படம் எடுத்தாலும் தொடக்க நிலையில் பூச்சி அதில் இருக்காது. ஒரு நாள் வரப்பில் நின்றதில் மூன்று மாத வீண் வேலை மிச்சமானது.

3. சொல் நோட்டு ஒன்று வையுங்கள்

ஒரே சொல்லை இரண்டு துறைகள் இரண்டு பொருளில் சொல்லும். டாக்டர் "பாசிட்டிவ்" என்றால் நோய் இருக்கிறது என்று பொருள். அது நோயாளிக்குக் கெட்ட செய்தி. புள்ளியியல்காரர் "முக்கியமான வேறுபாடு" என்றால் தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று பொருள். நாம் அதைப் பெரிய வேறுபாடு என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த உரசல்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இடப்பக்கம் அவர்கள் சொல், நடுவில் அவர்கள் பொருள், வலப்பக்கம் நாம் நினைத்தது.

தமிழோடு வேலை செய்பவர்களுக்கு முதல் உரசல் "எழுத்து" என்ற சொல்லிலேயே வந்துவிடும். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று தமிழாசிரியரைக் கேட்டால் மூன்று என்பார். பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறியீடுகளை அது எண்ணுகிறது. யாப்பு அலசும் நிரல் எழுதப் போகும் மாணவர் இந்த இடத்தைக் கவனிக்காவிட்டால் அசை பிரிப்பதே தப்பாகிவிடும்.

கல்வெட்டில் இது இன்னும் ஆழமாகப் போகும். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். நம் மாணவர் அதை எழுத்துப் பிழை என்று நினைத்துத் தானாகத் திருத்தும் நிரல் எழுதுவார். ஆனால் எழுத்தின் வடிவமும் புள்ளி இருப்பதும் இல்லாததும் ஒரு கல்லின் காலத்தை ஊகிக்க உதவும் சான்றுகள். திருத்தினால் சான்று போச்சு.

அச்சான கல்வெட்டுப் பாடங்களில் சதுர அடைப்புக்குறிகளும் உடுக்குறிகளும் (*) நிறைய வரும். சிதைந்த எழுத்து எது, பதிப்பாசிரியர் தாமாக நிரப்பியது எது என்று காட்டும் அடையாளங்கள் அவை. நாம் உரையைச் சுத்தம் செய்யும் நிரலில் எழுதும் முதல் வரி என்ன? நிறுத்தக்குறிகளை நீக்கு. அந்த ஒரு வரியில், கல்லில் உண்மையாக இருந்ததும் அறிஞர் ஊகித்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது.

அட்டவணை போடுவதிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் "கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு" (ஆட்சியாண்டு) இத்தனை என்று மட்டும் இருக்கும். அரசர் பெயர் என்று ஒரு கட்டம் வைத்துப் பரகேசரி என்று நிரப்பிவிடுவார் மாணவர். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். முதலாம் இராசராசன் இராசகேசரி, அவன் மகன் இராசேந்திரன் பரகேசரி. ஆகவே அந்தக் கட்டத்தில் பல தலைமுறை மன்னர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள். எந்தப் பரகேசரி என்பதை எழுத்தமைதி, அதில் வரும் அதிகாரிகளின் பெயர், கோயில் இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்துக் கல்வெட்டறிஞர் முடிவு செய்கிறார். அது அவருடைய முடிவு, இன்னொருவர் மறுக்கலாம். அதனால் மூன்று கட்டங்கள் வேண்டும்: கல்லில் உள்ளபடி, அறிஞரின் கணிப்பு, கணித்தவர் யார். சான்றையும் விளக்கத்தையும் தனித்தனியாக வைக்கும் இந்தப் பழக்கம் மருத்துவத் தரவுக்கும் அப்படியே பொருந்தும்.

4. சின்ன வேலை ஒன்றை முடித்துக் கொடுங்கள்

மூன்றாம், நான்காம் வாரத்தில் அவருக்கு உடனே பயன்படும் ஒன்றைச் செய்து கொடுத்துவிடுங்கள். ஒரே மாதிரிக் கோப்புகள் முப்பதை ஒன்றாக இணைப்பது, ஸ்கேன் படங்களுக்கு ஒழுங்காகப் பெயரிடுவது, எக்செல் தாளில் தேதிகளைச் சரிசெய்வது. கணினி மாணவருக்கு இது கௌரவக் குறைவாகத் தோன்றலாம். அவருக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகிறது. நம்பிக்கை அங்கேதான் தொடங்கும்.

இந்தச் சின்ன வேலைகள் சின்ன விஷயமும் இல்லை. மரபணு ஆய்வாளர்கள் SEPT1, MARCH1 போன்ற மரபணுப் பெயர்களை — தமிழில் செப்ட்-1, மார்ச்-1 என்று வைத்துக்கொள்வோம் — எக்செலில் இட்டால் அது செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். 2016-இல் வந்த ஆய்வொன்று, மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்ததைக் காட்டியது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. ஒரு மென்பொருளின் பழக்கத்துக்காக ஒரு துறையே தன் சொல்லை மாற்ற வேண்டி வந்தது. பக்கத்தில் ஒரு கணினி மாணவர் உட்கார்ந்திருந்து, அந்தக் கட்டங்களை உரையாக மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தால் எத்தனை தாள்கள் தப்பியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

இதே நேரத்தில், நீங்கள் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் போகும் வேலையை ஐம்பது முறை கையால் செய்து பாருங்கள். ஐம்பது எக்ஸ்ரே, ஐம்பது இலை, ஐம்பது கல்வெட்டு வரி. பிறகு அவர் செய்ததோடு ஒப்பிடுங்கள். எங்கே மாறுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள். அவரும் அவருடைய சக ஊழியருமே எங்கே ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் இன்னும் நல்லது. இரண்டு நிபுணர்களே ஒத்துப்போகாத இடத்தில் மாடல் 99 விழுக்காடு சரி என்றால் எதையோ தப்பாக அளக்கிறோம் என்று பொருள்.

5. கேள்வியை ஒரே பக்கத்தில், அவர்கள் மொழியில்

ஐந்தாம் வாரத்துக்குள் ஒரு பக்கத் தாள் தயாராக வேண்டும். யார், எந்த நேரத்தில், எதை முடிவு செய்ய, நம் நிரல் தரும் பதிலைப் பயன்படுத்துவார்? அந்தப் பதில் தப்பானால் அடுத்து என்ன நடக்கும்? எதை அளந்து, எதற்குப் பதிலாக வைக்கிறோம்? நியூரல் நெட்வொர்க், துல்லியம் என்ற சொற்கள் அந்தப் பக்கத்தில் வேண்டாம். அந்தத் துறைக்காரர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் பெரிய பெரிய குழுக்களே சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று கணிக்க மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு நிரலை ஆராய்ந்த கட்டுரை 2019-இல் வெளிவந்தது. நிரல் நோயின் கடுமையைக் கணிக்கவில்லை. வரும் ஆண்டில் ஆகப்போகும் மருத்துவச் செலவைக் கணித்தது. செலவு அதிகமானால் நோயும் அதிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே அளவு நோய் உள்ள கறுப்பின மக்களுக்காக ஆகும் செலவு அங்கே குறைவு, ஏனென்றால் அவர்களுக்குச் சிகிச்சை கிடைப்பதே குறைவு. விளைவாக, நோய் அதிகமுள்ளவர்கள் பட்டியலில் கீழே போனார்கள். கணக்கில் பிழை இல்லை. கேள்விதான் தப்பு.

இன்னொன்று நிமோனியா. 1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கப் பல வகை மாடல்களைப் பயிற்றினார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்துக் குறைவு என்று தரவிலிருந்து ஒரு விதி வந்தது. எந்த மருத்துவரும் இதைக் கேட்டால் திடுக்கிடுவார். ஆஸ்துமா உள்ள நிமோனியா நோயாளி வந்தால் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தக் கவனிப்பால் பிழைத்தவர்கள்தான் தரவில் "ஆபத்துக் குறைந்தவர்கள்" ஆனார்கள். அந்த விதியை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! விதி கண்ணுக்குத் தெரியும்படியான ஒரு மாடலில் இது வெளிப்பட்டது. அதைவிடத் துல்லியமாக இருந்தாலும், எப்படி முடிவெடுக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத நியூரல் நெட்வொர்க் என்ற வகை மாடல் இதுபோல எதை எதைக் கற்று வைத்திருக்கிறதோ என்ற கவலையில், அதை நோயாளிகளிடம் பயன்படுத்தவில்லை. என் மாணவர்களுக்கு இந்த ஒரு கதையை ஒரு வகுப்பு முழுக்கச் சொல்வேன். மாடல் சொல்வதை உரக்கப் படித்துக்காட்ட ஒரு மருத்துவர் ஏன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

6. அனுமதியை முதல் வாரத்திலேயே கேளுங்கள்

வரிசையில் ஆறாவதாக எழுதினாலும் வேலை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். மனிதர்களின் உடல்நலத் தரவு என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். குழு கூடி, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை நோயாளி விவரம் எதையும் வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். டாக்டரே அனுப்பினாலும், "வேண்டாம் டாக்டர், அனுமதி வரட்டும்" என்று சொல்லத் தெரிய வேண்டும். பெயரை மட்டும் நீக்கிவிட்டால் போதாது. ஊர், வயது, அரிதான நோய் மூன்றும் சேர்ந்தால் சின்ன ஊரில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

7. சோதனையை வெளியே கொண்டுபோங்கள்

பயிர் நோய்ப் படங்களுக்கு மாணவர்கள் வழக்கமாக எடுப்பது பிளான்ட்வில்லேஜ் தொகுப்பு. 2016-இல் வந்த கட்டுரையில் அதன் 54,306 படங்களை வைத்து 99.35 விழுக்காடு துல்லியம் காட்டினார்கள். அந்த எண் இன்றும் எல்லா புராஜெக்ட் அறிக்கைகளிலும் சுற்றி வருகிறது. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: வேறு சூழலில் எடுத்த படங்களில் சோதித்தபோது 31.4 விழுக்காடு. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தொகுப்பில் உள்ளவை பறித்த இலையை ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். பின்னர் ஒருவர் பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் பிக்சல்களை மட்டும் கொடுத்துச் சோதித்தபோதும், 38 வகைகளில் சரியானதை 49 விழுக்காடு தடவை கணிக்க முடிந்தது. இலையே தேவைப்படவில்லை! நம் விவசாயி உச்சி வெயிலில், தன் கை நிழல் விழ, சேறு ஒட்டிய இலையைத்தான் எடுத்து அனுப்புவார்.

ஆகவே தரவைக் குலுக்கிப் பிரித்துச் சோதிப்பது போதாது. ஒரு நோயாளியின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலக்கக் கூடாது. ஒரு ஊர் வயல்களில் பயிற்றி வேறு ஊரில் சோதியுங்கள். ஒரு மருத்துவமனையில் பயிற்றினால் இன்னொன்றில் சோதியுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது: உண்மையான அறையில், உண்மையான கூட்டத்தில். நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் கூகுளின் ஆய்வு 2016 டிசம்பரில் வெளிவந்தது. சுமார் 1,28,000 படங்களில் பயிற்றியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கெடுத்தன. மிக நல்ல முடிவுகள். பிறகு அந்தக் கருவியைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்ததை 2020-இல் எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் வந்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று கருவி திருப்பிவிட்டது. பல நிலையங்களில் படம் எடுக்க இருட்டறை இல்லை. இணையம் மெதுவாக இருந்ததால் படம் ஏற நேரமானது, வரிசை நீண்டது. படம் திருப்பப்பட்டவர்கள் இன்னொரு நாள், வேறு மருத்துவமனைக்கு, வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தக் குழு இதையெல்லாம் மறைக்காமல் எழுதியதற்கு நான் நன்றியுள்ளவன். மாணவர்களுக்கு இரண்டு கட்டுரைகளையும் சேர்த்தே கொடுப்பேன். முதலாவதை மட்டும் படிக்கவிட மாட்டேன்.

8. கொடுக்க மட்டும் போகவில்லை

வேறு துறைக்குப் போகும் கணினி மாணவர் ஒன்று எஜமானாகப் போகிறார், இல்லாவிட்டால் எடுபிடியாக. "உங்கள் துறையை நாங்கள் மாற்றிக் காட்டுகிறோம்" என்பது ஒரு தப்பு. "சொல்லுங்க சார், ஆப் செய்து தருகிறேன்" என்பது இன்னொரு தப்பு. நம் துறைக்கும் அங்கிருந்து எடுத்துவர நிறைய இருக்கிறது.

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்தையும், கட்டம் கட்டமாக விரியும் வடிவங்களை உண்டாக்கும் விதிகளான அணி இலக்கணங்களையும் (array grammars) பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தியரி பேப்பரில் நாம் படிக்கும் இலக்கணங்கள் எழுத்துச் சரங்களை ஒரே வரியில் உண்டாக்கும். வாசலில் புள்ளி வைத்துப் போடும் கோலமோ இரண்டு பக்கமும் விரியும். அதை உண்டாக்க எப்படிப்பட்ட விதிகள் வேண்டும் என்று கேட்டதில், கணினி அறிவியலின் ஒரு புதிய கிளைக்கே உரம் கிடைத்தது. கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். கல்வெட்டு, சிந்துவெளி எழுத்து, அச்சுத் தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். நம் ஊரில் இந்த வேலைக்கு முன்னோடிகள் இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

மாணவரைத் தனியாக அனுப்பாதீர்கள், இருவராக அனுப்புங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், நீங்கள் கைகட்டி நின்று கேட்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணை மாற்றாமல் எதுவும் மாறாது. முதல் ரிவியூவிலேயே எத்தனை விழுக்காடு துல்லியம் என்று கேட்டால், லேப்டாப்பைத் திறக்காத இரண்டு வாரத்துக்கு யாரும் உட்கார மாட்டார்கள். என் வகுப்பில் முதல் ரிவியூவுக்குச் சொல் நோட்டும், ஒரு பக்கத் தாளும், கையால் செய்த ஐம்பதும்தான். நிரல் கேட்பதில்லை. ரிவியூ நாளில் அந்தத் துறைக்காரரையும் அழைத்து உட்காரவைக்கிறேன். அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு முன்னால் நான் கேட்கும் பத்துக் கேள்விகள் நிற்காது.

ஓப்பன் எலெக்டிவ் எடுக்கும்போது எளிதாகத் தேறலாம் என்பதற்காக எடுக்க விடாதீர்கள். புள்ளியியல் ஒன்று, எழுதப் பழகும் பாடம் ஒன்று, தான் போகப்போகும் துறையின் அடிப்படைப் பாடம் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் மற்றதை வழியில் கற்றுக்கொள்வார்கள்.

9. விட்டுவிட்டு வருவது

நீங்கள் மே மாதம் போய்விடுவீர்கள். கருவி ஜூன் மாதமும் ஓட வேண்டும். அதனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் கணினியில், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வடிவத்தில் கொடுங்கள். எக்செல் தாளில் முடிந்துவிடும் வேலைக்கு இணையதளம் கட்ட வேண்டாம். மாதக் கட்டணம் கேட்கும் சர்வரில் எதையும் வைக்காதீர்கள், முதல் கட்டணம் நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும். தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி அச்செடுத்து மேசையில் ஒட்டுங்கள்: எப்படித் திறப்பது, எந்தச் சமயத்தில் இதை நம்பக் கூடாது, கெட்டுப்போனால் பழைய நோட்டு முறைக்கு எப்படித் திரும்புவது. கட்டுரை எழுதினால், தரவுக்கு விளக்கம் தந்தவரின் பங்கைப் பேசி முடிவு செய்து எழுத்தாளர் வரிசையிலோ நன்றியிலோ சேருங்கள். இதை வேலை தொடங்கும்போதே பேசிவிட்டால் கடைசியில் மனவருத்தம் வராது.

கடைசி வாரம் ஒரு நாள், கருவியைப் பயன்படுத்தப் போகும் சிஸ்டர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கீபோர்டில் கை வைக்காதீர்கள், வாயும் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பொத்தானைத் தேடுகிறார், எப்போது திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளதைச் சரிசெய்துவிட்டு, மறுநாள் காலை கூட்டம் வருவதற்கு முன் மறுபடியும் போய் உட்காருங்கள்.